எவ்வளவு சந்தேகம்

கஜாலினியின் கழுத்தில் கட்டி இருப்பதை முதலில் கவனித்தவன் டெனிஷ். அமீரகத்தின் புஜைராவில் கப்பல்களுக்கு எண்ணெய் நிரப்பும் கம்பெனி ஒன்றின் கன்ட்ரோல் ரூமில் இருவரும் அடுத்தடுத்த நாற்காலியில் வேலை பார்ப்பவர்கள். கரைக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களோடும், அவற்றுக்கு எண்ணெய் கொண்டுபோகும் பார்ஜுகளோடும் ரேடியோவில் பேசுவதுதான் வேலை. அன்று நீண்ட அழைப்பு ஒன்றை முடித்துவிட்டு அவள் அண்ணாந்து தண்ணீர் குடித்தாள்.

"எக்கா, ஒங்க கழுத்துல என்னமோ ஏறி எறங்குது," என்றான் டெனிஷ். "இது மின்னயே உண்டா?"

அவள் கையை வைத்துப் பார்த்தாள். வலப்பக்கத்தில், தொண்டைக்குழிக்குச் சற்று மேலே, நெல்லிக்காய் அளவில் ஒன்று விரலில் தட்டுப்பட்டது. வலி இல்லை. விழுங்கும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கியது.

"தெரியேல்லை டெனிஷ்," என்றாள். அதற்குள் அடுத்த கப்பல் கூப்பிட்டது.

அவள் யாழ்ப்பாணத்து வடமராட்சிக்காரி. கல்யாணமாகி வந்த பிறகு தற்செயலாகக் கிடைத்த வேலை இது. ஆனால் அந்த வேலைக்கென்றே பிறந்தவள் போல ஆகிவிட்டாள். இரைச்சலுக்கு நடுவிலும் அவள் குரல் உடையாமல் போய்ச் சேரும். எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்வாள். எதிர்முனையில் எந்தக் கப்டனாவது "கொஞ்ச நேரத்தில் வருகிறோம்" என்று சொன்னால் விடமாட்டாள். "கொஞ்சம் என்றால் எவ்வளவு?" என்று கேட்டு, எண்ணாகப் பதில் வரும் வரை காத்திருப்பாள்.

ஸ்கேனில் கட்டி தைராய்டில் இருப்பது தெரிந்தது. ஊசியால் குத்திச் சில உயிரணுக்களை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். வந்த ரிப்போர்ட்டில் கடைசியில் இருந்த வரிகளை அவள் மனப்பாடமாகச் சொல்லும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஐயத்துக்குரிய சில உயிரணுக்கள் காணப்படுகின்றன. புற்றுநோய் என்பதை விலக்க இயலாது. நோயாளியின் நிலையோடு பொருத்திப் பார்க்கவும். ஆங்கிலத்தில் இருந்ததன் பொருள் அவ்வளவுதான்.

அறுவை மருத்துவர் ஃபாரூக் ஹைதராபாத்காரர். எதையும் சுற்றிவளைக்காமல் பேசுபவர். ரிப்போர்ட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"தைராய்டை முழுவதும் எடுத்துவிடலாம்," என்றார் ஆங்கிலத்தில். "பிறகு தினமும் ஒரு மாத்திரை. அவ்வளவுதான்."

"எனக்குக் குரல் முக்கியம் டாக்டர்."

"தைராய்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் குரலுக்கான நரம்பு போகிறது. கவனமாகத்தான் செய்வோம். மிகச் சிலருக்குக் குரல் கரகரப்பாகிவிடும். அதிலும் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும்."

அவள் கணவன் வினோஜன் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். கஜாலினி ரிப்போர்ட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.

"சந்தேகம் என்று எழுதியிருக்கிறார்கள். எவ்வளவு சந்தேகம்?"

"அப்படி ஒன்றும் எழுதவில்லை."

"அனேகமாகப் புற்றுநோய்தான் என்பதும் சந்தேகம்தான். அனேகமாக இல்லை, ஆனாலும் பார்த்துவிடலாம் என்பதும் சந்தேகம்தான். இதில் எது?"

ஃபாரூக் கொஞ்சம் சலித்துக்கொண்டார். "கழுத்தில் ஒரு சந்தேகத்தை வைத்துக்கொண்டு நீங்கள் ஏன் வாழவேண்டும்? எடுத்துவிட்டால் கேள்வியே இல்லை."

ஒப்புதல் படிவத்தை நீட்டினார். அவள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள். "யோசித்துவிட்டுச் சொல்கிறேன் டாக்டர்."

காரில் ஏறியதும் வினோஜன் வாயைத் திறந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவன் அவன். உயரத்தில் தனியாக உட்கார்ந்து வேலை செய்து பழகியதாலோ என்னவோ, அதிகம் பேசமாட்டான். பேசினால் முடிவோடுதான் பேசுவான்.

"ஏன் யோசிக்கிறீர்? எடுக்கச் சொல்லுறார். எடுப்பம்."

"ஏனெண்டு தெரியாமல் எடுக்கேலாது."

"கான்சரா இருந்தால்?"

"இருந்தால் எடுப்பன். இல்லையெண்டால்? குரலும் போய், வாழ்நாள் முழுக்கக் குளிசையும் போட்டு, பிறகு ஒண்டுமில்லை எண்டு சொன்னால் யாரிட்டைப் போய்க் கேக்கிறது?"

"உமக்குக் குரல்தான் பெரிசு. எனக்கு நீர் இருக்கிறதுதான் பெரிசு."

அவன் பயத்தில் பேசுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. தனக்கும் அதே பயம் இருப்பதும் தெரிந்தது. ஆனாலும் அந்தப் படிவத்தில் கையெழுத்து வைக்க அவளுக்குக் கை வரவில்லை. பயத்தை அவள் மறைக்கவில்லை. அதை அளந்து பார்க்காமல் அதற்குக் கீழ்ப்படிய மறுத்தாள், அவ்வளவுதான்.

மறுநாள் டெனிஷிடம் சொன்னாள். அவன் மனைவி ஜெபராணி அல் ஐன் நகரில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். வார லீவுக்கு மட்டும் புஜைராவுக்கு வருவாள். டெனிஷ் அப்போதே போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தான்.

"எக்கா, அந்த ரிப்போர்ட்டுல நம்பர் போட்டிருக்காவளா?" என்று கேட்டாள் ஜெபராணி.

"என்ன நம்பர்?"

"இங்க தைராய்டு ஊசி ரிப்போர்ட்டுன்னா ஒண்ணுல இருந்து ஆறு வரைக்கும் ஒரு நம்பர் போட்டுத்தான் வரும். நம்பரைப் பாத்துத்தான் டாக்டர்மாரு அடுத்தால என்ன செய்யணும்னு சொல்லுவாவ. ஒங்களுக்குப் போடலைன்னா, ஊசியில எடுத்ததைத் தடவி வச்சிருக்க கண்ணாடி ஸ்லைடை வாங்கி இங்க கொண்டாங்க. ஷம்சியா டாக்டர் பாத்துச் சொல்லுவாவ. தமிழ்லயே பேசுவாவ."

ஸ்லைடை வாங்குவது லேசாக இல்லை. ரிப்போர்ட் கொடுத்த லேபின் கவுன்டரில் இருந்த பெண், ரிப்போர்ட்டின் நகல் தரலாம், ஸ்லைடு தர முடியாது என்றாள். கஜாலினி மேலாளரைக் கேட்டாள். மேலாளர் லீவு. நாளைக்கு வா என்றார்கள். மறுநாளும் போனாள். மின்னஞ்சல் எழுதச் சொன்னார்கள். எழுதினாள். பதில் வராததால் டியூட்டி முடிந்து நேரே போய்க் கவுன்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். சத்தம் போடவில்லை. யாராவது "என்ன வேண்டும்?" என்று கேட்டால் மட்டும், "என் ஸ்லைடு," என்றாள்.

கடைசியில் உள்ளே இருந்து ஒருவர் வந்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த வயதான மனிதர். அவர்தான் அந்த ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டவர், அப்துல் ஹாதி. ஈராக்காரர்.

"நீங்கள்தானா?" என்றார். "உள்ளே வாருங்கள்."

அவருடைய அறையில் மைக்ராஸ்கோப்பும், ஸ்லைடுத் தட்டுகளும், பாதி குடித்த தேநீரும் இருந்தன. அவர் கோபமாக இல்லை.

"தராமல் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது," என்றார். "அறுவையில் எடுத்த சதை என்றால் இன்னொரு துண்டு வெட்டி இன்னொரு ஸ்லைடு செய்துவிடலாம். ஊசியில் வந்தது அப்படி இல்லை. வந்தது அவ்வளவுதான். வழியில் உடைந்தால் போச்சு."

"மடியில் வைத்துக்கொண்டு போவேன்."

"எங்கே?"

அல் ஐன் என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவளே கேட்டாள். "நீங்கள் எழுதியது எவ்வளவு சந்தேகம் டாக்டர்?"

அவர் தேநீரை நகர்த்திவைத்தார். "ஸ்லைடில் கொஞ்சம் செல்கள்தான் இருந்தன. சில ஒழுங்காக இல்லை. பார்த்ததை எழுதினேன்."

"எண் போடலாமாமே."

"போடலாம்." எழுந்து ஸ்லைடுத் தட்டை இழுத்தபடியே, "இங்கே போடுவதில்லை," என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகச் செருகி, மூடிக்கு மேல் டேப் ஒட்டிக் கொடுத்தார். "பத்திரம்," என்றார்.

அல் ஐனுக்கு வினோஜன்தான் காரை ஓட்டினான். மலையைக் கடந்து மணல்வெளிக்குள் இறங்கினார்கள். வேகத்தடை வரும்போதெல்லாம் அவன் வேகத்தை நன்றாகக் குறைத்தான். பெட்டி அவள் மடியில் இருந்தது.

ஷம்சியாவுக்கு நாற்பது வயதிருக்கும். காயல்பட்டினத்தில் பிறந்து துபாயின் தேராவில் வளர்ந்தவர். மற்ற ஆஸ்பத்திரிகளில் ஸ்லைடு பார்க்கும் மருத்துவர்களை நோயாளிகள் பெரும்பாலும் கண்ணால் காண்பதில்லை. இங்கே ஊசி போடும்போது அவரும் பக்கத்தில் நின்று, வந்தது போதுமா என்று அங்கேயே பார்த்துச் சொல்வார். அதனால் நோயாளிகளோடு பேசிப் பழகியவர். ஸ்லைடுகளைப் பார்த்து முடித்த பிறகு இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"பயப்படாமக் கேளுங்க. தைராய்டு ஊசி ரிப்போர்ட்டை ஆறு வகையில ஒண்ணுல வெச்சுச் சொல்றதுன்னு ஒரு முறை இருக்கு. பல நாட்டுல டாக்டர்கள் அதைத்தான் பின்பத்துறாங்க. ஒண்ணுன்னா பார்க்கப் போதுமான செல்லே வரலைன்னு அர்த்தம். ரெண்டு, சாதாரணக் கட்டி. ஆறு, புற்றுநோய்தான், ஏறக்குறைய நிச்சயம். நடுவுல இருக்கற மூணு, நாலு, அஞ்சு, இதுங்கதான் சந்தேகம். ஆனா மூணும் ஒரே அளவு சந்தேகம் இல்ல."

"என்ரை?"

"மூணு. செல்லு சிலது சரியா இல்ல, ஆனா எதுன்னு சொல்ற அளவுக்கு இல்ல. இப்படி வந்து ஆபரேஷன் பண்ணிக்கிட்ட நூறு பேரை எடுத்துக்கிட்டா, இருபது சொச்சம் பேருக்குப் புற்றுநோய் இருந்திருக்கு."

கஜாலினி கண்ணை மூடித் திறந்தாள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஆனால் இத்தனை நாளில் முதல்முறையாகக் காலுக்குக் கீழே தரை இருப்பது போல இருந்தது.

"அப்ப அங்கை எழுதினது பிழையோ?" என்று கேட்டான் வினோஜன்.

"இல்லைங்க. அவர் பார்த்த அதே செல்லைத்தான் நானும் பார்த்தேன். அவர் எழுதினதுல அளவு இல்ல, அவ்வளவுதான். இதே வார்த்தைய மூணுக்கும் எழுதலாம், அஞ்சுக்கும் எழுதலாம். படிக்கிற சர்ஜன் தன் மனசுல இருக்கிறதைத்தான் அதுல படிப்பார்."

"இனி என்ன செய்யிறது டொக்டர்?"

"சில வாரம் பொறுத்து இன்னொரு தடவை ஊசி போட்டுப் பார்ப்போம். இந்த முறை நான் பக்கத்துலயே நிப்பேன்."

அந்தச் சில வாரங்கள்தான் கஷ்டமாக இருந்தன. ஃபாரூக்கின் கிளினிக்கிலிருந்து தேதி கேட்டுப் போன் வந்தது. காத்திருக்கப் போவதாகச் சொன்னாள். அக்கா குமுதினி யாழ்ப்பாணத்திலிருந்து தினமும் அழைத்து, கழுத்துக்குள் வைத்துக்கொண்டு என்ன பிடிவாதம் என்று அழுதாள். அவள் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் வினோஜனின் கண் அவள் கழுத்துக்குப் போனது. அவள் வேலைக்குப் போனாள், கப்பல்களோடு பேசினாள், வந்து சமைத்தாள். குளிக்கும்போது மட்டும் கட்டியைத் தொட்டுப் பார்ப்பாள். பெரிதாகிவிட்டதா என்று ஒவ்வொரு நாளும் சந்தேகம் வரும். தொடக் கூடாது என்று ஒருநாள் தீர்மானித்தாள். அன்றிலிருந்து தொடவில்லை.

இரண்டாவது ஊசி நல்லபடியாக நடந்தது. ஷம்சியா அங்கேயே மைக்ராஸ்கோப்பில் பார்த்து, "போதும், நிறைய வந்திருக்கு," என்றார்.

ரிப்போர்ட் முதலில் வினோஜன் கைக்குப் போனது. ஆஸ்பத்திரியில் பதியும்போது அவன் போன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். அவன் கிரேனில் இருந்தபோது போன் அதிர்ந்தது. கொள்கலனை இறக்கிவைத்துவிட்டுத் திறந்து பார்த்தான். ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்ததில் அவன் கண் ஒரே இடத்தில் போய் நின்றது. கேட்டகரி நான்கு.

ஷம்சியா சொன்ன ஆறு வகை அந்தப் பதற்றத்தில் அவனுக்கு மறந்துபோயிற்று. அவன் அறிந்தவரையில் புற்றுநோய்க்கு நான்கு கட்டம். நான்காவது கடைசிக் கட்டம். அவன் சித்தப்பா அப்படித்தான் போனார். போர்மனிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினான். காருக்குள் உட்கார்ந்து குமுதினிக்குப் போன் செய்தான். நான்காம் கட்டம் என்றதும் அவள் அழத் தொடங்கினாள்; போனை வைத்துவிட்டு வீட்டுக்குக் காரை ஓட்டினான்.

கஜாலினி அன்று ஓய்வில் வீட்டில் இருந்தாள். கதவைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

"ரிப்போட் வந்திட்டுதோ?"

அவன் போனை நீட்டினான். "நாலு," என்றான். "நாலாம் கட்டம். நான் அண்டைக்கே எடுக்கச் சொன்னனான்."

அவள் வாங்கிப் பார்த்தாள். ஷம்சியா ஒன்று முதல் ஆறு வரை எண்ணிச் சொன்னது நினைவுக்கு வந்தது. "இது கட்டம் இல்லை. இருங்கோ," என்று ரிப்போர்ட்டை மேலிருந்து கீழே நிதானமாகப் படித்தாள். "ஆறிலை நாலு. போன முறை மூண்டு எண்டு சொன்னவ. ஒரு படி ஏறியிருக்கு. அவ்வளவுதான்."

"எனக்குச் சும்மா ஆறுதல் சொல்லாதையும்."

"ஆறுதல் இல்லை. கேப்பம்." அவள் ஆஸ்பத்திரிக்கு அழைத்தாள். ஷம்சியா வேலையில் இருந்தார். அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். மதியத்துக்குப் பிறகு அவரே கூப்பிட்டார். கஜாலினி ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கணவன் முன்னால் மேசையில் வைத்தாள்.

"டொக்டர், நாலு எண்டால் நாலாம் கட்டக் கான்சரோ? இவருக்குச் சொல்லுங்கோ."

"இல்ல தம்பி, இல்ல." ஷம்சியாவின் குரல் தாழ்ந்தது. "கட்டங்கறது புற்றுநோய் இருக்குன்னு உறுதியான அப்புறம், அது எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு சொல்றது. இங்க புற்றுநோய் இருக்கா இல்லையான்னே நமக்கு இன்னும் தெரியாது. நாலுன்னா நூறுல முப்பது பேர் கிட்ட இருக்கலாம். மிச்சம் எழுபது பேருக்கு இல்ல. இந்த மாதிரிக் கட்டியில ஊசியால அதுக்கு மேல சொல்ல முடியாது. கட்டியோட மேலுறையை உடைச்சுக்கிட்டு வெளிய போயிருக்கான்னு பார்க்கணும். அதுக்குக் கட்டி முழுசா கையில வேணும்."

"அப்ப ஒப்பரேசன்?"

"ஆமா. ஆனா பாதி. கட்டி இருக்கிற வலப்பக்கம் மட்டும். இடது பக்கத்தைத் தொட வேண்டியதில்ல. அந்தப் பக்கத்து நரம்புக்கும் ஆபத்தில்ல."

வினோஜன் இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு எழுந்து உள்ளே போய், குமுதினிக்கு மறுபடி போன் செய்தான். "மச்சாள், நான் பிழையாச் சொல்லிப்போட்டன்," என்று அவன் சொல்வது கேட்டது.

அன்று மாலை கஜாலினி ஒப்புக்கொண்டாள். இப்போது தயக்கம் இல்லை. எதற்காக, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று தெரிந்த பிறகு கையெழுத்துப் போட அவளுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை.

அறுவை அல் ஐனில் நடந்தது. மயக்கம் தெளிந்ததும் ஜெபராணிதான் பக்கத்தில் நின்றாள். "எக்கா, ஒங்க பேரைச் சொல்லுங்க," என்றாள். கஜாலினி சொன்னாள். வந்தது காற்றும் கரகரப்பும் கலந்த ஒரு சத்தம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "கொஞ்ச நாளைக்கு இப்பிடித்தான் இருக்கும். நரம்பைப் பத்திரமா வெச்சிருக்காவ," என்றாள் ஜெபராணி.

கொஞ்ச நாள் எவ்வளவு என்று கஜாலினி கேட்டாள். சில வாரம், சிலருக்குச் சில மாதம் என்றார்கள். கம்பெனியில் அவளுக்குப் பேச வேண்டாத பக்கத்து மேசையில் வேலை கொடுத்தார்கள். வீட்டில் தினமும், பேச்சுப் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி, மூச்சைப் பிடித்து ஒவ்வொரு எழுத்தாக இழுத்துச் சொல்லிப் பழகினாள். அயல் வீட்டுக்குக் கேட்குமே என்ற கூச்சத்தை விட்டுவிட்டாள். குரல் ஒருநாள் வந்தது போலிருக்கும், மறுநாள் போய்விடும். அவள் நிறுத்தவில்லை.

வெட்டி எடுத்ததன் முடிவு வந்தது. புற்றுநோய்தான். ஆனால் பெரும்பாலும் கட்டியின் உறைக்குள்ளேயே இருந்தது. உறையை ஒரே ஓர் இடத்தில் மட்டும் சற்றே தாண்டியிருந்தது. இரத்தக் குழாய்களுக்குள் போகவில்லை. பாதி எடுத்ததே போதும், மீதியை எடுக்க வேண்டியதில்லை, வருடா வருடம் ஸ்கேன் செய்துகொண்டால் சரி என்றார் அங்கிருந்த அறுவை மருத்துவர்.

வெளியே வந்ததும் வினோஜன் சொன்னான். "அப்ப அந்த ஃபாரூக் டொக்டர் சொன்னது சரிதானே. கான்சர்தானே."

"நான் கான்சர் இல்லை எண்டு ஒருநாளும் சொல்லேல்லை," என்றாள் அவள், கரகரத்த குரலில். "எவ்வளவு எண்டுதான் கேட்டனான்."

அவன் யோசித்தான். "ஓம்," என்றான்.

குரல் பெரும்பாலும் திரும்பிவந்த பிறகு, அவள் அப்துல் ஹாதியைப் பார்க்கப் போனாள். முதலில் ஸ்லைடு பார்த்த டாக்டருக்கு அறுவையின் முடிவு என்னவென்று தெரியவேண்டும் என ஷம்சியா சொல்லியிருந்தார். அது மட்டும் காரணம் இல்லை. அந்தக் கவுன்டருக்கு எதிரே உட்கார்ந்திருந்தபோது, தன்னைப் போலவே கையில் ரிப்போர்ட்டோடு காத்திருந்த மற்றவர்களையும் அவள் பார்த்திருந்தாள்.

ஹாதி முடிவைக் கவனமாகப் படித்தார். "சின்னது. நல்லது," என்றார். "அவர்கள் முதலில் மூன்று போட்டார்களா? நானும் மனத்தில் மூன்றுதான் வைத்திருந்தேன்."

"ஏன் எழுதவில்லை டாக்டர்?"

"முன்பு எழுதினேன். ஒருவர் நான்கு என்று பார்த்துவிட்டு, கடைசிக் கட்டம் என்று நினைத்து, ஒருவரிடமும் சொல்லாமல் வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். அதன் பிறகு, நோயாளிகள் கையில் போகும் ரிப்போர்ட்டில் எண் வேண்டாம் என்று ஃபாரூக் கேட்டுக்கொண்டார். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது."

அவளால் அதைத் தள்ளிவிட முடியவில்லை. பாதி வேலையில் கிரேனை விட்டு இறங்கி வந்தவன் அவள் வீட்டிலேயே இருந்தான்.

"என் கணவரும் அப்படித்தான் நினைத்தார்," என்றாள். "ஆனால் அன்றைக்கே கேட்டுத் தெளிந்துவிட்டோம். எண் இருந்ததால்தான் கேட்க முடிந்தது. 'விலக்க இயலாது' என்று எழுதினால் அதை யாரிடம் எப்படிக் கேட்பது? எண்ணை எடுக்காதீர்கள். எண்ணுக்குக் கீழே ஒரு வரி போடுங்கள், இது புற்றுநோயின் கட்டம் இல்லை என்று. நூறு பேரில் எத்தனை பேருக்குப் புற்றுநோய் இருக்கும் என்றும் போடுங்கள்."

"ஃபாரூக்?"

"அவரிடம் நான் பேசுகிறேன்."

ஹாதி சிரித்தார். "பேசுவீர்கள்," என்றார்.

ஃபாரூக் முதல்முறை நேரம் இல்லை என்றார். இரண்டாம் முறை உட்காரச் சொன்னார். மூன்றாம் முறை ஹாதியையும் கூப்பிட்டுப் பேசினார். தன் தீர்மானம் தவறு என்று அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் அதை எதிர்பார்க்கவில்லை. "என் நோயாளிகள் பயந்து ஓடாமல் இருந்தால் சரி. அந்த வரி எல்லாருக்கும் புரியவேண்டும்," என்றார். அது போதுமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஹாதியிடமிருந்து போன் வந்தது. எண்ணோடு ரிப்போர்ட் போக ஆரம்பித்துவிட்டது என்றார். அடியில் போடும் வரியை அரபியில் அவரே எழுதிவிட்டார். உருதுவும் மலையாளமும் லேபில் இருப்பவர்கள் எழுதித் தந்துவிட்டார்கள். "தமிழ் உங்கள் பொறுப்பு," என்றார்.

கஜாலினி மேசையில் உட்கார்ந்து எழுதினாள். 'இந்த எண் புற்றுநோயின் நிலையைக் குறிப்பதல்ல.' வினோஜன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"நிலை எண்டு போடாதையும். நோயாளியின்ரை நிலை கவலைக்கிடம் எண்டு பேப்பரிலை போடுறவங்கள். அதுதான் ஞாபகம் வரும்."

"அப்ப என்ன போடுறது?"

"கட்டம் எண்டு போடும். அதைத்தானே எல்லாரும் சொல்லுறவை."

அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். 'இது புற்றுநோய் எத்தனையாம் கட்டம் என்று சொல்லும் எண் அல்ல. புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு என்று சொல்லும் எண். உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.' சத்தமாக ஒருமுறை வாசித்தாள். டெனிஷுக்கு அனுப்பி, உனக்கு விளங்குகிறதா என்று கேட்டாள். விளங்குகிறது என்று பதில் வந்த பிறகுதான் ஹாதிக்கு அனுப்பினாள்.

சற்று நேரத்தில் அவரிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. சிங்களம் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருந்தார். கம்பெனியின் பார்ஜ் ஒன்றில் எஞ்சினியராக இருக்கும், இலங்கையில் காலியைச் சேர்ந்த சிங்களவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். கஜாலினி அவர் நம்பரைத் தேட ஆரம்பித்தாள்.